டென்டனில் மதியம் ஒரு மணி

நேயர்களுக்கு வணக்கம்.

ஜாஸ் இசை என்றதும் நியூ ஆர்லியன்ஸ், நியூயார்க் என்று பெரிய ஊர்கள்தான் நினைவுக்கு வரும். நான் இன்று பேசப்போவது டென்டனைப் பற்றி. டெக்சாஸில், டல்லஸுக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் கல்லூரி ஊர் அது. ஜாஸுக்கென்று அமெரிக்காவில் முதன்முதலாகப் பட்டப்படிப்பு தொடங்கியது அங்குள்ள கல்லூரியில்தான் (இன்றைய நார்த் டெக்சாஸ் பல்கலைக்கழகம்), 1947-ல். தொடங்கியவர் ஜீன் ஹால். படிப்பின் பெயரில் மட்டும் ஜாஸ் கிடையாது. அந்தச் சொல்லுக்கு அப்போது நல்ல பெயர் இல்லாததால் 'நடன இசைக்குழு' என்று வைத்தார்கள்.

அங்குள்ள மாணவர் குழுக்களின் பெயர்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒத்திகை எத்தனை மணிக்கோ, அதுவே பெயர். மதியம் ஒரு மணிக்கு வாசிப்பது ஒரு மணிக் குழு. அடுத்தது இரண்டு மணிக் குழு. ஒரு மணிக் குழுவில் இடம் கிடைப்பதுதான் அங்கே படிப்பவர்களின் கனவு. 1959-ல் பொறுப்பேற்ற லியோன் ப்ரீடன் அதை 22 ஆண்டுகள் வளர்த்தார். 1967-ல் அந்தக் குழு வெள்ளை மாளிகையில் வாசித்தது. அதன் 'லேப் 75' இசைத்தட்டு கிராமி விருதுக்கே பரிந்துரைக்கப்பட்டது. வாசித்தவர்கள் எல்லோரும் மாணவர்கள்!

பண்டிட் ரவிசங்கரின் மகளான பாடகி நோரா ஜோன்ஸ் ஜாஸ் பியானோ படித்ததும் இதே ஊரில்தான். அப்புறம் 2004-ல் ஸ்நார்க்கி பப்பி என்ற இசைக்குழு பிறந்ததும் இங்கேதான்.

சரி, இந்தக் கதையில் என் மனதை உறுத்தும் பகுதிக்கு வருகிறேன். ஜாஸ் கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை. அதற்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கிய 1947-ல், அந்தக் கல்லூரியில் கறுப்பினத்தவர் சேரவே முடியாது. இளநிலைப் படிப்பின் கதவு அவர்களுக்குத் திறந்தது 1956-ல். சாக்சஃபோன் மேதை பில்லி ஹார்ப்பர் அங்கே படித்து வெளியே வந்தது அறுபதுகளில். அதற்கு முன் எத்தனை ஹார்ப்பர்களை அந்த ஊர் இழந்திருக்கும்!

இன்னும் பின்னால் போனால், டென்டனின் நடுவே குவேக்கர்டவுன் என்ற கறுப்பினக் குடியிருப்பு இருந்தது. வீடுகள், கடைகள், தேவாலயங்கள் என்று நன்றாக வாழ்ந்த இடம். பக்கத்திலேயே வெள்ளையின மாணவிகளுக்கான வேறொரு கல்லூரி. 1921-ல் அந்தக் குடியிருப்பு இருந்த இடத்தில் பூங்கா அமைக்க ஊரில் வாக்கெடுப்பு நடத்தி, குடும்பங்களை ஊரின் தென்கிழக்கு ஓரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சிலர் வீட்டையே பெயர்த்து உருட்டிக்கொண்டு போனார்கள்.

பல பத்தாண்டுகள் கழித்து, அந்தப் பூங்காவில்தான் டென்டனின் கலை, ஜாஸ் விழா ஆண்டுதோறும் நடந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை. ஒரு மணிக் குழுவும் அந்த மேடையில் வாசித்திருக்கிறது. பூங்காவுக்கு இப்போது குவேக்கர்டவுன் என்ற பழைய பெயரையே வைத்திருக்கிறார்கள்.

வணக்கம்.