நிலாவுல முயல்

வணக்கம் நேயர்களே. செப்டம்பர் பக்கம் வந்துட்டா சிங்கப்பூர்ல எந்த மால்ல நுழைஞ்சாலும் மூன்கேக் டப்பாதான், அதான் உள்ள பூரணம் வச்ச சீனப் பலகாரம், பார்த்திருப்பீங்க. சீனர்களோட நடு இலையுதிர்கால விழா அது, அவங்க எட்டாவது மாசம் பதினஞ்சாம் நாள், அறுவடை நேரத்து பௌர்ணமி. நான் இத பல வருஷமா பல இடத்துல பார்த்தாச்சு, ஆனா ஒரு பௌத்த கல்லூரியில கொண்டாடினத மட்டும் மறக்க முடியல, காரணம் என் அசட்டுத்தனம்.

பிக்குகள் படிக்கிற கல்லூரிங்க. நம்ம பீஷான்ல 1921ல தொடங்கின கோங் மெங் சான் மடத்துலகூட அப்படி ஒண்ணு இருக்கு. நான் போனது எதுன்னு வேணாம், மானம் போயிடும். வெறுங்கையோட போகக்கூடாதேன்னு நல்ல விலை குடுத்து தாமரைவிதை மூன்கேக் வாங்கிட்டுப் போனேன். உள்ள ரெண்டு மஞ்சக்கரு! உப்புல ஊறின வாத்து முட்டை, அதுதான் நிலாவாம். சீன பிக்குகள் முட்டை என்ன, பூண்டு வெங்காயமே தொடமாட்டாங்கன்னு டப்பாவ ரெண்டு கையால நீட்டினப்புறம்தான் எனக்கு உறைக்குது. மூத்த பிக்கு சிரிச்சுக்கிட்டே வாங்கி ஓரமா வச்சுட்டு அவங்க சமையலறையில செஞ்சதுல ஒரு துண்டு தந்தாரு. மஞ்சக்கரு இருக்கவேண்டிய எடத்துல பாசிப்பருப்பு உருண்டை. சத்தியமா சொல்றேன், நம்ம சுசியம்!

டீ குடிக்கறப்ப ஒரு மாணவர் கேட்டாரு, உங்க ஊர் நிலாவுல யாரு இருக்கான்னு. பாட்டி வடை சுடுறாங்கன்னேன். அவங்களுக்கு முயல், உரல்ல மருந்து இடிக்குது. அப்புறம் அவரே ஒரு ஜாதகக் கதைய, அதாவது புத்தரோட முற்பிறவிக் கதைய, சொன்னாரு: பசின்னு வந்த பெரியவருக்கு குடுக்க ஒண்ணுமில்லாம முயல் தன்னையே நெருப்புல போட்டுக்குச்சு, வந்தவர் இந்திரன், முயல் உருவத்த நிலாவுல வரைஞ்சுட்டாரு. கேட்டதும் எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, ஏன்னா நம்மளும் சந்திரன சசின்னுதானே சொல்றோம், முயல் உள்ளவன்னு அர்த்தம், பாட்டிய பார்த்துப் பார்த்து முயல மறந்துட்டோம். யுவான் சுவாங், காஞ்சிபுரம் பத்தி எழுதினாரே அவரேதான், ஏழாம் நூற்றாண்டுல காசி பக்கம் இந்த முயலுக்கு ஒரு தூபி இருந்துச்சுன்னு எழுதி வச்சிருக்காரு. முயலுக்கு தூபிங்க!

லான்டர்ன் பத்தியும் மாத்திரைய முழுங்கி நிலாவுக்குப் பறந்த சாங்எ பத்தியும் நிறைய வச்சிருந்தேன், ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சுன்னு கைய காட்டிட்டாங்க. பக்கத்து வீட்டு ஆன்ட்டிய கேளுங்க, சாங்எ கதைய என்னவிட நல்லா சொல்லுவாங்க. மடத்துக்கு மூன்கேக் கொண்டு போறதா இருந்தா மட்டும் டப்பாவ திருப்பிப் படிச்சிட்டுப் போங்க. வணக்கம்.