உழாமல் போட்ட உளுந்து: பெல்ட் மிஷின் வாடகை, கிடை ஆடு, பெரியப்பாவின் கோபம்

மக்களே, வணக்கம். கேமரா கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வீடியோவில் வாய்க்காலுக்குள் விழுந்த அதே ஸ்டாண்டைத்தான் இன்று பூவரசங்கிளையில் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். சுக்குக் காபியும் இன்று கிடையாது. எரிச்சலில் இருக்கிறேன், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முந்தாநாள் ஒரு பயிற்சி முகாமுக்குப் போயிருந்தேன். எங்கே, யார் நடத்தினார்கள் என்று கேட்காதீர்கள். தலைப்பு, வளங்காப்பு வேளாண்மை. மண்ணை முடிந்த மட்டும் கிளறாதே, வெறும் மண்ணாக வெயிலில் போட்டு வைக்காதே, ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போடாதே. மூன்றும் நான் இந்தச் சேனலில் தொண்டை வறளக் கத்துகிற சங்கதிதான், அதனால் ஆசையாகத்தான் போய் உட்கார்ந்தேன். திரையில் காட்டியது என்ன தெரியுமா? ஜாம்பியாவின் மக்காச்சோளக் காடு. மழைக்கு முன்பே மண்வெட்டியால் குழி குழியாக வெட்டி, குழிக்குள் மட்டும் எருவும் விதையும் போடுகிறார்கள். அந்த ஊருக்கு நல்ல வழி, மறுக்கவில்லை. ஆனால் உட்கார்ந்திருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்துக்காரர்கள். தொளிச் சேற்றில் நின்று நெல் நடவு நடுகிறவர்களிடம் குழி வெட்டு என்றால் என்ன செய்வார்கள்? சமோசாவைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். சமோசா நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியில் வீரவநல்லூர்ப் பக்கத்து மாமா ஒருவர் எழுந்தார். "சார், நான் மட்டும் உழாம உளுந்து போட்டுட்டேன்னு வைங்க. கிடை ஆடு வந்து மேஞ்சிட்டுப் போச்சுன்னா யாரு பொறுப்பு?" என்று கேட்டார். கிடை என்றால் அறுத்த வயலில் எருவுக்காகத் தங்க வைக்கிற ஆட்டு மந்தை. "அது உங்க ஊர்ப் பிரச்சினை" என்று பதில் வந்தது. எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது. ஐயா, அதுதானே பிரச்சினையே! மற்றதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது.

சரி, வயலைப் பாருங்கள். பிசானப் போகத்து நெல் அறுத்த வயல். கலப்பையும் படவில்லை, டிராக்டரில் மாட்டி மண்ணைப் பொடியாக்குகிற என் ஜென்ம விரோதி ரொட்டவேட்டரும் இறங்கவில்லை. அரிதாளுக்கு, அதாவது அறுத்த நெல்லின் அடித்தட்டைக்கு, நடுவே உளுந்து பூத்து நிற்கிறது. இது ஒன்றும் புதுசு இல்லை. நெல் தரிசில் உளுந்து விதைப்பது தஞ்சாவூர்ப் பக்கமும் நம் பக்கமும் தாத்தா காலத்துப் பழக்கம். ஆடுதுறை 3 ரகமே இந்த மாதிரி தரிசுக்கு ஏற்றதுதான். நெல் நிற்கும்போதே உள்ளே வீசி விதைத்துவிட வேண்டும், ஏக்கருக்கு 10 கிலோ. கையறுப்பு என்றால் ஒரு வாரம், பத்து நாள் முன்பு. அறுப்பு மிஷின் என்றால் நாலைந்து நாள் முன்பு போதும். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். காலை வைத்தால் தடம் பதியணும், தடத்துக்குள் தண்ணீர் ஊறக் கூடாது. ஊறினால் விதை அழுகும், தடமே விழவில்லை என்றால் முளைக்காது.

இப்போது மிஷின் கதை. இதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. நெல் அறுக்கிற டயர் மிஷின் மணிக்கு 2,100 ரூபாய். சக்கரத்துக்குப் பதில் பட்டையில் ஓடுகிற பெல்ட் மிஷின் 2,800. ஈர மண்ணில் டயர் மிஷினை இறக்கினால் சக்கரம் போன இடமெல்லாம் பள்ளம். அந்தத் தடத்தில் உளுந்தும் செத்தது, மண்ணும் இறுகியது. பெல்ட் மிஷின் பாரத்தைப் பரப்பி வைத்துப் போகும். ஆகவே எனக்குப் பெல்ட்தான் வேண்டும். புரோக்கர் அண்ணாச்சியிடம் 2,500 என்றேன், சிரித்தார். 2,600 என்றேன், டீ சொன்னார். டீயைக் குடித்து முடித்துவிட்டு 2,750 என்றார். அந்த டீக்கும் காசு கொடுத்தது நான்தான், குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம்தான் என் கையில் இருந்த துருப்பை இறக்கினேன். "அண்ணாச்சி, எங்க மடைத் தண்ணி பாயுற வயல் மொத்தமும் ஒரே மூச்சுல அறுப்பு. மிஷின் ரோட்டுல ஏறி இறங்குற சோலி இல்ல. இப்ப சொல்லுங்க." 2,700! மணிக்கு நூறு ரூபாய் குறைத்துவிட்டேன். என் வீட்டுக்காரி "இந்த நூறு ரூபாய்க்கா இத்தனை பேச்சு" என்கிறாள். நூறு ரூபாய் இல்லை, மணிக்கு நூறு ரூபாய். வித்தியாசம் இருக்கிறது.

ரொட்டவேட்டர் மணிக்கு 1,300, இரண்டு ஓட்டு ஓட்டியிருப்போம். அந்தச் செலவு முழுதாக நின்றது. பெல்ட் மிஷினுக்குக் கூடுதலாகக் கொடுத்தது போகவும் கையில் நிற்கிறது. ஒன்றே கால் ஏக்கர்க்காரனிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அஞ்சு வருஷத்தில் மண் வளமாகும் என்றால், அஞ்சு வருஷம் அந்த நிலம் அவனிடம் இருக்குமா? எங்கள் பக்கம் பாதி வயல் குத்தகைதான். அடுத்த வருஷம் யார் உழுவார்கள் என்றே தெரியாதவனுக்கு, இந்த வருஷக் கணக்கைக் காட்டுங்கள். 2025-26க்கு மத்திய அரசு உளுந்துக்கு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். அதிலிருந்து பேச்சை ஆரம்பியுங்கள்.

மிஷின் போன பிறகு ஒரு வேலை இருக்கிறது. பின்னால் வைக்கோல் வரிசையாக விழும். அதை அப்படியே விட்டால் அடியில் இருக்கிற முளை வெளிச்சம் இல்லாமல் வெளுத்துப் போகும். கவைக்கம்பை வைத்து உதறிப் பரப்பினோம். வைக்கோல் கட்டுகிற மிஷினை இந்தத் தடவை விடவில்லை, அதன் டிராக்டர் முளை மேலேயே ஏறும். அந்தக் கட்டுக் காசு போச்சு, உண்மைதான். வீட்டு மாட்டுக்கு மட்டும் கொஞ்சம் அள்ளிக்கொண்டோம், மிச்சம் மண்ணுக்கு மூடாக்கு.

ஒரு செடியைப் பிடுங்குகிறேன், கிட்டே வாருங்கள். வேரில் கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக முடிச்சுகள் தெரிகிறதா? நகத்தால் கீறுகிறேன். உள்ளே இளஞ்சிவப்பு! அந்தச் சிவப்பு இருந்தால் காற்றில் இருக்கிற நைட்ரஜனை உள்ளே இருக்கிற பாக்டீரியா பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் வேலைநிறுத்தம். ஆங், விதை நேர்த்தி சொல்லவே இல்லையே. அந்தப் பாக்டீரியா இருக்கிற ரைசோபியம் பாக்கெட்டை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் பிசறி, நிழலில் உலர்த்த வேண்டும். நிழலில்! வெயிலில் போட்டால் காசு கொடுத்து வாங்கின உயிரெல்லாம் செத்துப்போகும். அடியுரத்துக்கும் வழி இல்லை அல்லவா, அதனால் இலை வழியாக டிஏபி உரக் கரைசல். ஏக்கருக்கு 4 கிலோவை ராத்திரியே ஊறவைத்து, காலையில் தெளிவை மட்டும் வடித்து, 200 லிட்டராக்கி, பூக்கும்போது ஒரு தடவை, 15 நாள் கழித்து இன்னொரு தடவை. நேற்று முதல் தடவை அடித்தாச்சு.

பெரியப்பாவை உங்களுக்குத் தெரியும், பம்புசெட் வீடியோவில் என்னைத் திட்டினவர். இந்த வயலைப் பார்த்துவிட்டு, "ஏலேய், அகல உழுவதை விட ஆழ உழுன்னு சொன்னவன்லாம் கிறுக்கனாலே?" என்று கேட்டார். கிறுக்கன் இல்லை. ஆனால் அந்தக் காலத்து நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறித்தான் விடும். ரொட்டவேட்டர் மேல்மண்ணை மாவாக்கி, வருஷா வருஷம் ஒரே ஆழத்தில் ஓடி, அதற்கு அடியில் தளம் போட்ட மாதிரி இறுக்கிவிடும். வேரும் இறங்காது, தண்ணீரும் இறங்காது.

பெரியப்பா பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். மானூர், ஆலங்குளம் பக்கத்து மானாவாரியில் கோடை உழவு போடுகிறவரிடம் போய் "உழாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். மூடாக்கு இல்லாமல் உழவை மட்டும் நிறுத்தினால், இறுகின மண்ணில் பெய்கிற மழை வழிந்து ஓடிவிடும், உழுததை விட மோசமாகும். மூன்றும் சேர்ந்து வந்தால்தான் பலன். நம் நஞ்சையிலும் கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகத்துக்கும் தொளி அடித்துத்தான் ஆக வேண்டும், நேரடி விதைப்புக்கு இன்னும் யாரும் துணியவில்லை. ஆக மூன்று போகத்தில் ஒன்றில்தான் உழவை விட்டிருக்கிறோம். அதை மறைத்துப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. 2023 டிசம்பர் 17, 18 மழை ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் கிட்டப் பெய்தது. அன்று தாமிரபரணி போன நிறத்தைப் பார்த்தவர்களுக்கு மேல்மண் எங்கே போகிறது என்று நான் பாடம் எடுக்க வேண்டாம்.

களைக்கொல்லி பற்றிக் கேட்டவர்களுக்கு: உழாத நிலத்தில் களை கூடத்தான் செய்யும். வெளிநாட்டில் கிளைபோசேட் அடித்துச் சமாளிக்கிறார்கள். எனக்குப் பிடிக்காது, கைக்களைதான் எடுத்தோம், கூலி கடித்தது.

சரி, ஆட்டுக்கு வருகிறேன். பிசானம் அறுத்ததும் கிடை வரும், எரு கிடைக்கும், யாருக்கும் வேண்டாம் என்று இல்லை. ஒருத்தன் வயலில் மட்டும் பச்சை இருந்தால் ஆடு அங்கேதானே போகும்? தண்ணீரும் அப்படியே. மேல் வயல்காரர் அறுப்பு முடிந்து மடையைத் திறந்துவிட்டால் என் மெழுகுப் பதம் சேறாகும். ஆகவே தனித்தனி ஆளைப் பிடித்துப் போதித்துப் பிரயோசனமே இல்லை. ஒரு மடையில் பாய்கிற எல்லாரையும் ஒன்றாக உட்கார வைக்க வேண்டும். நாங்கள் அதைத்தான் செய்தோம். விதைப்பு ஒன்றாக, அறுப்பு ஒன்றாக. கிடைக்காரரிடம் போய், "உளுந்து பிடுங்கினதும் கார் நடவுக்கு முன்ன மொத்த மடையும் உங்களுக்குத்தான்" என்று பேசி முடித்தோம். அவர் முதலில் முறுக்கினார். எங்கள் மடையை விட்டுவிட்டு இப்போது எங்கே மேய்ப்பது என்றார், நியாயமான கேள்வி. கோபாலசமுத்திரம் பக்கம் தெரிந்தவர்கள் வயலைக் கைகாட்டின பிறகுதான் சம்மதித்தார். ஒரே ஒருத்தர் மட்டும் வரவில்லை, அவர் வயல் ஓரத்தில் இருந்ததால் தப்பித்தோம். நடுவில் இருந்திருந்தால் முள் வேலிக்குச் செலவழித்திருப்போம்.

பிரேசிலில், பரானா மாநிலத்தில், 1972ல் ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயி உழாமல் சோயா விதைத்தபோது பைத்தியம் என்றார்கள். 1979ல் பொன்டா குரோசாவில் விவசாயிகளே மண்புழுச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, ஒருத்தர் வயலை ஒருத்தர் போய்ப் பார்த்துத்தான் அது பரவியது. அவர்கள் பெரிய பண்ணைக்காரர்கள், நாம் மரக்கால் கணக்கில் பேசுகிற சிறு நிலக்காரர்கள். ஆனாலும் அந்தப் படத்தைத் திரையில் காட்டியிருந்தால் வீரவநல்லூர் மாமா இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருப்பார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தன் மடைக்காரர்களோடு இங்கே வருகிறார். பெரியப்பாவும் இருப்பார், அதனால் வீடியோ நீளமாக வரும். அதற்குள் ஒன்று செய்யுங்கள். சேரன்மகாதேவிக்குக் கிழக்கே இருப்பவர்கள், உங்கள் ஊரில் பெல்ட் மிஷின் மணிக்கு எவ்வளவு என்று கீழே போடுங்கள். 2,700க்குக் குறைவாகச் சொல்கிறவர்கள் ரசீதையும் படம் பிடித்துப் போட வேண்டும். சும்மா சொன்னால் நம்ப மாட்டேன்.