எத்தனை நாள், எத்தனை நப்கின்

(திருகோணமலையில் மகளிர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அம்மாமாரே, தங்கச்சிமாரே,

கிளினிக்கில் முதலில் கேட்பது, "கடைசியாக மாதவிடாய் எப்ப வந்தது?" என்றுதான். "போன போயாவுக்குக் கிட்ட" என்ற பதிலை வைத்துக்கொண்டு எந்த வைத்தியராலும் ஒன்றும் கணிக்க முடியாது. வீட்டுக் கலண்டரில் குறித்து வையுங்கள். துளித்துளியாகத் தெரியும் நாளை விடுங்கள். இரத்தம் ஒழுங்காகப் படும் நாள்தான் முதலாம் நாள். அன்றிலிருந்து அடுத்த மாதவிடாய்க்கு முந்திய நாள் வரை எண்ணுங்கள். வளர்ந்த பெண்ணுக்கு 21 முதல் 35 நாள் வரை எதுவும் சரி. சாமத்தியப்பட்ட முதல் இரண்டு மூன்று வருடங்களில் 45 நாள் வரை தள்ளிப் போகலாம். 15 வயதாகியும் பிள்ளை பெரியபிள்ளையாகவில்லை என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 14ஆம் நாள் முட்டை வெளியேறும் என்பது 28 நாள் சுற்றுக்கு மட்டுமே பொருந்தும். முட்டை வெளியேறிய பின் அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாள் எடுக்கும். கூடிக் குறைவது அதற்கு முந்திய பகுதிதான். 35 நாளுக்கொருமுறை வருபவருக்கு முட்டை 21ஆம் நாளளவில் வெளியேறும். முட்டைக்கு ஒரு நாள்தான் ஆயுள், விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். ஆகவே அவருக்குப் பொருத்தமான நாட்கள் 16 முதல் 21 வரை.

இனி இரத்தத்தின் அளவு. எங்கள் பெண்கள் அதிகம் பொறுத்துக்கொள்வது இதைத்தான். நான் அதிகம் கவலைப்படுவதும் இதற்காகத்தான். ஒரு மாதவிடாயில் சாதாரணமாக 30, 40 மில்லிலீற்றர் போகும். 80ஐத் தாண்டினால் அதிகம். யாரும் அளந்து பார்ப்பதில்லை, அதனால் அடையாளங்களைப் பாருங்கள். ஒரு மணி, இரண்டு மணிக்கொருமுறை நப்கின் நனைகிறதா? இரவில் மாற்றுவதற்கென்றே எழும்புகிறீர்களா? இரண்டு நப்கின் சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறதா? பெரிய நாணயத்தை விடப் பெரிய கட்டிகள் விழுகின்றனவா? ஏழெட்டு நாள் தாண்டியும் நிற்கவில்லையா? இவற்றில் ஒன்றிருந்தாலும் "எங்கட பரம்பரைக்கே அப்படித்தான்" என்று விடாதீர்கள். கருப்பைத் தசைக்கட்டி, தைரொயிட் குறைபாடு, கருத்தடைக்கு வைக்கும் செம்பு லூப் என்று காரணங்கள் பல. சாமத்தியப்பட்ட நாளிலிருந்தே மிகுதியாகப் படுகிற பிள்ளைக்கு இரத்தம் உறைவதில் பிறவிக் குறைபாடு இருக்கலாம்.

இரத்தத்தோடு இரும்புச்சத்தும் போகிறது. ஒரு மில்லிலீற்றரில் கிட்டத்தட்ட அரை மில்லிகிராம். 80 மில்லிலீற்றருக்கு 40 மில்லிகிராம். சாப்பாட்டிலிருந்து உடல் எடுப்பதோ நாளுக்கு ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். களைப்பும் மூச்சு வாங்கலும் தலைமயிர் கொட்டுவதும் இதனால்தான் வருகின்றன. ஹீமோகுளோபின் 12க்குக் கீழென்றால் இரத்தச்சோகை. சாமத்தியச் சடங்கின்போது உளுந்தும் முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்துப் பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளை, ஓ.எல். வகுப்பில் சோர்ந்து விழுந்தால் "படிக்கப் பஞ்சி" என்று ஏசுகிறோம். அந்தப் பிள்ளையின் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

இரும்புக் குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுங்கள். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கம் எங்களிடம் நிறைய உண்டு. தேயிலை இரும்பை உடலில் சேர விடாது. தேநீருக்கும் பாலுக்கும் கல்சியக் குளிசைக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். சூரை மீனும் கீரையும் நல்லவைதான். ஆனால் ஒருமுறை இறங்கிவிட்ட இரும்பை அவை மட்டும் ஏற்றிவிடா.

வயிற்றுக்குத்து பற்றி. கருப்பையை இறுக்கும் ஒரு வேதிப்பொருள் சுரப்பதால்தான் இந்த வலி வருகிறது. மெபனமிக் அசிட், ஐபுபுரோபன் போன்றவை அந்தச் சுரப்பையே தடுக்கின்றன. வலி முற்றிய பிறகு போடுவதை விட, இரத்தம் தொடங்கியதும் சாப்பிட்டுவிட்டுப் போடுவதே பலன் தரும். அல்சர், ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்காமல் போடக்கூடாது. காய்ச்சல் இருந்தால் யாருமே தொடக்கூடாது: டெங்கு நடமாடும் ஊர் இது, இரத்தக்கசிவு ஆபத்து, பனடோல் மட்டும். மாதவிடாய்க்குச் சில நாள் முன்பே வலி தொடங்கினால், மலம் கழிக்கும்போதோ உறவின்போதோ வலித்தால், ஸ்கானில் ஒன்றுமில்லை என்றாலும் மகப்பேற்று வைத்திய நிபுணரிடம் போங்கள். கருப்பையின் உட்படலம் கருப்பைக்கு வெளியே படர்வதும் இந்த வலிக்குக் காரணமாகலாம். அது ஸ்கானில் தெரியாமலும் இருக்கும்.

திருவிழாவுக்கும் உம்ராவுக்கும் மாதவிடாயைத் தள்ளிப்போடும் குளிசையைப் பாமசியில் நேரே வாங்குகிறார்கள். வழக்கமாக எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்கினால்தான் அது வேலை செய்யும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் இரத்தம் வரும். கர்ப்பமா என்ற சந்தேகம் உள்ளவர்களும், காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களும் எடுக்கக்கூடாது. வைத்தியரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

35 வயதிலும் 45 வயதிலும் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசம். உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் நாளைக் கேளுங்கள். மூதூரிலோ குச்சவெளியிலோ இருந்தாலும் இதற்காக நகரத்துக்கு ஓடி வரத் தேவையில்லை.

கடைசியாக, ஐம்பது தாண்டிய அம்மாமாருக்கு. ஒரு வருடம் முழுவதும் நின்றிருந்து, பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அது மாதவிடாய் திரும்பி வந்ததல்ல. பெரும்பாலும் பாரதூரமில்லாத காரணமாகவே இருக்கும். ஆனால் கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமும் இதுவே. உறவுக்குப் பின் இரத்தம் படுவதும் அப்படித்தான் கவனிக்கப்பட வேண்டும். மகள் வரட்டும், மருமகன் லீவு எடுக்கட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அந்தக் கிழமையே போய்க் காட்டுங்கள்.