மலைக்கு மலை லிங்க்: எந்த ரேடியோ?

வணக்கம் நேயர்களே.

இன்று நான் ரேடியோ என்று சொல்லப்போவது, நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் பெட்டியை அல்ல. ஒரு மலையிலிருந்து எதிர் மலைக்கு இணையத்தைக் கொண்டுபோக, டவரில் டிஷ்ஷோடு பூட்டுகிற கருவியை எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று, நடுவில் கம்பி கிடையாது. இந்த இணைப்பைத்தான் லிங்க் என்போம். நம் மலையகத்தில் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் ஃபைபர் வந்துவிட்டது. ஆனால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மேல் டிவிஷன் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, அது இறங்கி ஏறி வர எத்தனை வருடமாகுமோ. 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடியபோது, சிக்னல் தேடிப் பாறை மேல் ஏறி உட்கார்ந்து படித்த பிள்ளைகளை நாம் மறக்கவில்லை. அந்த லயங்களுக்கு இணையம் கொண்டுபோக நினைக்கிற சிறிய நிறுவனங்களும் நம் இளைஞர்களும் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, எது ஸ்பீட் கூட?" என்றுதான்.

அந்தக் கேள்வியிலேயே பணம் வீணாகத் தொடங்குகிறது. யூபிக்விட்டியின் ஏர்ஃபைபர் 5எக்ஸ்எச்டி, மிமோசாவின் பி5சி, இரண்டும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகிற ரேடியோக்கள். இரண்டின் விளம்பரத் தாளிலும் செக்கனுக்கு ஒரு கிகாபிட் அளவு போட்டிருக்கும். போவதையும் வருவதையும் கூட்டிய கணக்கு அது. அதுவும் 80 மெகாஹெர்ட்ஸோ அதைவிட அகலமான சேனலோ சுத்தமாகக் கிடைத்தால்தான். சேனல் என்றால் அலைவரிசையில் நாம் எடுத்துக்கொள்ளும் அகலம். ஒரு நகரத்துக்கு மேலே டவரில் நின்று ஸ்கேன் போட்டுப் பாருங்கள், 20 மெகாஹெர்ட்ஸ் காலியாகக் கிடைப்பதே பெரும்பாடு. அப்போது கையில் நிற்பது நூற்றுச் சொச்சம் மெகாபிட். கேம்பியத்தின் பிடிபி 670 ரேடியோ தாளில் 450 மெகாபிட்தான் சொல்கிறது, விலையும் கூட. ஆனால் சிக்கலான பாதைகளில் அது நின்று பிடிக்கும். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

நம் ஊரில் முதலில் கேட்க வேண்டியது மழையை. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டுகிறது. மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் மழை பெய்தால், 5 கிகாஹெர்ட்ஸ் அலை கிலோமீட்டருக்கு அரை டெசிபெல்கூட இழப்பதில்லை. டெசிபெல் என்பது சிக்னல் இழப்பை அளக்கிற அலகு. 11 கிகாஹெர்ட்ஸில் சுமார் 2 டெசிபெல் போகும், 24இல் ஏழு எட்டு. 60 கிகாஹெர்ட்ஸுக்கு வந்தால் 17 டெசிபெல் போகும், காற்றிலுள்ள ஒட்சிசனே மேலும் ஒரு 15ஐ விழுங்கும். 10 டெசிபெல் போனால் சக்தி பத்தில் ஒன்றாகிறது என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், 60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவை 3 கிலோமீட்டருக்குக் கட்டிவிட்டு ஜூன் மாதத்தைத் தாண்டலாம் என்று நினைப்பது எவ்வளவு ஆபத்து என்று புரியும்.

மூடுபனியை எண்ணிப் பயப்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. நுவரெலியாவில் எதிரே நிற்கிற ஆள் தெரியாத அளவுக்கு அடைத்தாலும், 60 கிகாஹெர்ட்ஸில்கூட கிலோமீட்டருக்கு ஒரு டெசிபெல் அளவுதான் இழப்பு. பனித்துளி அவ்வளவு சிறியது. அடைமழைதான் லிங்கைக் கொல்லும்.

அடுத்தது தண்ணீர். காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குக் குறுக்கே நாங்கள் கட்டிய 5 கிகாஹெர்ட்ஸ் லிங்க் ஒன்று பல மாதங்கள் எங்களைத் தூங்கவிடவில்லை. சில வாரம் அருமையாக ஓடும், பிறகு மெல்ல 10 டெசிபெல் விழும். ரேடியோதான் கோளாறு என்று கழற்றி, வேறு கம்பனி ரேடியோ பூட்டினோம். அதுவும் அப்படியே. கடைசியில் விஷயத்தைச் சொன்னவர் தோட்டத்து ஃபெக்டரி வாச்சர். "டேம் நெறஞ்சா ஒங்க லைன் படுத்துருது தம்பி" என்றார். நேராக வரும் அலையும் நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்து வரும் அலையும் டிஷ்ஷில் வந்து சேர்கின்றன. நீர்மட்டம் மாற மாற இரண்டுக்கும் உள்ள தூர வித்தியாசம் மாறுகிறது. ஒரு மட்டத்தில் ஒன்றையொன்று அடித்துப்போடுகின்றன. டிஷ்ஷை 5 மீட்டர் கீழே இறக்கி, முன்னாலிருந்த தேயிலை மேடு தண்ணீரை மறைக்கும்படி கட்டினோம். சரியாகிவிட்டது. மேடு இல்லாத இடத்தில்தான் பிடிபி 670 மாதிரி ரேடியோவின் அருமை தெரியும். உயரம் மாற்றி இரண்டு அன்டெனா பூட்டலாம், ஒன்றில் சிக்னல் விழும்போது மற்றது தாங்கும்.

உச்சியில்தான் டவர் போட வேண்டும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். உச்சியில் நிற்கிற டிஷ்ஷுக்குச் சுற்றியிருக்கிற எல்லா ஊரின் ரேடியோ இரைச்சலும் கேட்கும். கொஞ்சம் கீழே, முதுகுக்குப் பின்னால் மலை இருக்கும்படி கட்டினால், அந்த மலையே பாதி இரைச்சலைத் தடுத்துவிடும். சமவெளிக்காரர்களுக்குக் கிடைக்காத வசதி இது.

மரம் வளரும், மறக்காதீர்கள். 4 கிலோமீட்டர் நீளமான 5 கிகாஹெர்ட்ஸ் லிங்குக்கு நடுவழியில் சுற்றிலும் 7 மீட்டர் அளவுக்கு அலை பரந்து போகிறது. யூகலிப்டஸ் உச்சி அதற்குள் புகுந்தால், நனைந்த இலை சிக்னலைக் குடித்துவிடும். ஏப்ரல், ஒக்டோபர் இடிமின்னலுக்கு நல்ல எர்த்தும், திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கிற சர்ஜ் பாதுகாப்பும் கட்டாயம்.

சரி, ஒரு தோட்டத்துக்கு நான் கட்டுவதாக இருந்தால், நகரத்திலிருந்து ஃபெக்டரிக்கு வரும் முதுகெலும்பு லிங்குக்கு 11 கிகாஹெர்ட்ஸ், மிமோசா பி11 போல ஒன்று. அனுமதி பெற்ற அலைவரிசை என்பதால் பக்கத்துக்காரர் அதே அலைவரிசையில் வந்து மேலே ஏறமாட்டார். அதற்குத் துணையாக 5 கிகாஹெர்ட்ஸ் ஜோடி ஒன்று. ஃபெக்டரியிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கிற லயங்களுக்கு மட்டும் 60 கிகாஹெர்ட்ஸ். அதிலும் மிக்ரோடிக்கின் கியூப் 60 ப்ரோ மாதிரி, மழையில் தானாக 5க்கு மாறிக்கொள்வதைத்தான் எடுப்பேன். ஆனால் எதை வாங்குவதற்கும் முன்னால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அலைவரிசை விண்ணப்பத்தைப் போட்டுவிடுவேன். அனுமதி வந்து சேர்வதற்குள் டவருக்குக் குழி வெட்டிக் கொங்கிரீட் போட்டு முடித்துவிடலாம்.