மூணு நாள் கடன் வாங்கி மாட்ட கொன்ன மார்ச் மாசம்

ஒரு மாசம் பக்கத்து மாசத்துகிட்ட மூணு நாள் கடன் வாங்கி ஒரு மாட்ட பழிவாங்குச்சுன்னு சொன்னா சிரிப்பீங்க, ஆனா அயர்லாந்துல இத சொல்லித்தான் ஏப்ரல் மொத வாரத்துல பெருசுங்க பசங்கள மிரட்டுனாங்க. இருங்க, கதைக்கு வர்றேன்.

பின்னணிய ஓட்டிடுறேன். 1937ல இருந்து 1939 வரைக்கும் அங்க ஸ்கூல் பசங்களுக்கு ஒரு வேலை கொடுத்தாங்க, வீட்ல இருக்குற பெரியவங்ககிட்ட பழைய விஷயத்தையெல்லாம் கேட்டு நோட்டுல எழுதிட்டு வரணும். அதுல ஒரு தலைப்பு வானிலை.

அங்க புழங்குன அடையாளங்கள பாருங்க. புகைபோக்கியில இருந்து கரி கொட்டுனா மழை, பூனை நெருப்புக்கு முதுகு காட்டி உக்காந்தா மழை, தூரத்து மலை கிட்ட தெரிஞ்சா மழை. அடேய், மேற்குக் கரையில சில எடத்துல வருஷத்துக்கு 225 நாள் மழை, அங்க பூனை எப்படி உக்காந்தாலும் பலிக்கும்! ஆனா நிலாவ சுத்தி வளையம் கட்டுனா மழைங்குறத மட்டும் கிண்டல் பண்ண மாட்டேன், ஏன்னா மழை மேகம் வர்றதுக்கு முன்னாடி ரொம்ப ஒசரத்துல மெல்லிசா ஒரு மேகம் படரும், அதுல இருக்குற பனித்துகள்ல நிலா வெளிச்சம் ஒடைஞ்சுதான் அந்த வளையமே தெரியுது.

சரி, மாடு. உடம்பெல்லாம் கோடு கோடா ஒரு கெழட்டுப் பசு. மார்ச் கடைசி நாள் வால தூக்கிட்டு, "மார்ச்சாவது மண்ணாவது, என்னைய ஒண்ணும் புடுங்க முடியல"ன்னு பீத்திக்குச்சாம். மார்ச்சுக்கு செம கடுப்பு. நேரா ஏப்ரல்கிட்ட போய் மூணு நாள் கைமாத்து வாங்கி, ஊதக்காத்தும் பனியுமா எறக்கி, மாட்ட கொன்னு தோல உரிச்சுருச்சு! அந்த நாளுக்கு ஐரிஷ்ல பேரே இருக்கு, 'லேஹன்டா ந போ ரீவி', வரிப்பசுவோட நாட்கள்.

எனக்கு இது வெறும் கதையா படல. குளிர்காலம் முடியுறப்ப வைக்கோல் தீர்ந்துரும், மாடு எலும்பும் தோலுமா நிக்கும், வெயில் அடிக்குதேன்னு அவசரப்பட்டு மேய விட்டா ஒரே ஒரு குளிர் ராத்திரி போதும், ஆள் காலி. மாடு வச்சு நஷ்டப்பட்டவன்தான் இத மொதல்ல சொல்லிருப்பான், இது என் கணிப்பு, கமெண்ட்ல சண்டைக்கு வாங்க.

இன்னொரு வடிவத்துல மாட்டோட ரெண்டு குருவியும் மாட்டுது, ஆளுக்கு மூணு நாள், மொத்தம் ஒம்போது. அந்தக் கணக்குப்படி ஏப்ரல் 9 வரைக்கும் ஸ்வெட்டர மடிச்சு வைக்கக் கூடாது.