மரவள்ளி: பக்குவத்தில் போவதும் தங்குவதும்

நண்பர்களே, வணக்கம்.

பதப்படுத்திய உணவு என்றாலே சத்து போய்விட்டது என்று முடிவுகட்டும் பழக்கம் இன்று பரவலாக இருக்கிறது. பல பொருள்களுக்கு அது சரிதான். மரவள்ளிக்கிழங்கிடம் மட்டும் அந்தக் கணக்கு செல்லாது. பக்குவம் செய்யாமல் இதைச் சாப்பிடவே கூடாது. எந்தப் பக்குவம், எவ்வளவு நேரம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தென்னமெரிக்காவில் தோன்றிய பயிர் இது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். இன்று அங்கே கோடிக்கணக்கானவர்களுக்கு அன்றாட உணவே இதுதான். 100 கிராம் பச்சைக் கிழங்கில் மாவுச்சத்து ஏறக்குறைய 38 கிராம், வைட்டமின் சி 20 மில்லிகிராம். புரதமோ ஒன்றரை கிராம்கூடத் தேறாது. இவற்றோடு லினமரின் என்ற பொருளும் இருக்கிறது. சிக்கல் அங்கேதான்.

லினமரின் கிழங்கின் செல்லுக்குள் ஓரிடத்தில் இருக்கிறது. அதை உடைக்கும் நொதி செல்சுவரில் இருக்கிறது. துருவும்போது செல் கிழிந்து இரண்டும் கலக்க, கடைசியில் ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. அது 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆக, நஞ்சைப் போக்க வேண்டுமானால் முதலில் அதை வெளியே வரவைத்து, காற்றோடு போக விட வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் காரி என்ற மரவள்ளி ரவையைச் செய்யும் பெண்கள் இதைத்தான் செய்கிறார்கள். கிழங்கைத் தோல் சீவித் துருவி, சாக்கில் கட்டி, மேலே பாரம் ஏற்றி நீரை வடிய விடுகிறார்கள். சில நாள் புளித்த பிறகு சலித்து, அகன்ற சட்டியில் வறுக்கிறார்கள். நஞ்சின் பெரும்பகுதி இதிலேயே போய்விடும்.

வெறுமனே வேகவைத்தால் இவ்வளவு போகாது. சூட்டில் நொதி சீக்கிரமே செயலிழந்துவிடும். லினமரின் சூட்டைத் தாங்கி நிற்கும். தண்ணீரில் கரைகிற அளவுதான் வெளியேறும். அதனால் சின்னத் துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். லினமரின் குறைந்த இனிப்பு ரகத்துக்கு இது போதும், அது மிகுந்த கசப்பு ரகத்துக்குப் போதாது.

போதாதபோது என்ன ஆகும் என்பதை 1981-இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணம் பார்த்தது. கடும் வறட்சி. வறட்சியில் கிழங்கில் லினமரின் கூடும். பசியோடு இருக்கும் வீட்டில், நஞ்சு போகக் கிழங்கு வாரக்கணக்கில் காயட்டும் என்று யார் காத்திருக்க முடியும்? ஆயிரம் பேருக்கு மேல் கால்கள் விறைத்து முடங்கிப்போனார்கள். அதிகமும் பெண்களும் குழந்தைகளும். இந்த நோய்க்குக் கொன்சோ என்று பெயர்; வந்தால் குணமாகாது. சயனைடை முறிக்க உடலுக்குக் கந்தகம் வேண்டும். அது மீன், முட்டை, பயறு போன்ற புரத உணவிலிருந்துதான் வர வேண்டும். அந்த வீடுகளில் அதுவும் இல்லை. அந்தப் பெண்களின் அறியாமைமேல் பழியைப் போடுகிறவர்களை என்னால் ஏற்க முடியாது. அவர்களுக்கு முறை தெரியும். நேரம்தான் இல்லை.

சரி, இழப்பு இல்லையா? இருக்கிறது. ஊறவைத்த நீரோடும் பிழிந்த நீரோடும் வைட்டமின் சி போகும், தாது உப்புகளும் ஓரளவு போகும். உடலில் வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டின் மிகுந்த மஞ்சள் மரவள்ளி ரகங்கள் 2011-இல் நைஜீரியாவில் வெளியிடப்பட்டன. வேகவைத்தால் அந்தக் கரோட்டின் பெரும்பாலும் தங்குகிறது. வறுத்தால் குறைகிறது, மாவாக்கிச் சேமித்து வைத்தால் இன்னும் குறைகிறது. இந்த இழப்பை மற்ற உணவால் ஈடுகட்டலாம். முடங்கிய காலை எதனாலும் ஈடுகட்ட முடியாது.

எனக்கு உண்மையில் கவலை தருவது இதன் மறுமுனை, அதாவது அளவுக்கு மீறிய பக்குவம். கிழங்கை அரைத்துக் கழுவி, மாவுச்சத்தை மட்டும் படியவைத்து எடுப்பதுதான் ஜவ்வரிசி. நஞ்சும் போயிற்று, நாரும் புரதமும் சேர்ந்து போயின. 100 கிராமில் மாவுச்சத்து 88 கிராம். புரதம் கால் கிராம்கூட இல்லை. தெம்புக்கு நல்லது என்று நோயாளிக்கும் குழந்தைக்கும் இதை மட்டும் கொடுத்தால், வயிறு நிறையும், உடம்பு தேறாது. பாலோ பயறோ சேர்த்தே கொடுங்கள்.

அப்புறம், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் பிராட்பரி குழுவினர் உருவாக்கிய ஒரு முறையைச் சொல்லியாக வேண்டும். சாப்பிடத் தயாராக இருக்கும் மரவள்ளி மாவிலும் மிச்ச நஞ்சு இருக்கலாம் அல்லவா? மாவைப் பாத்திரத்தில் போட்டு, உள்பக்கம் அதன் மட்டத்தில் ஒரு கோடு போடுகிறார்கள். தண்ணீர் விட்டுப் பிசைந்தால் மாவு முதலில் அமுங்கும். மறுபடி அந்தக் கோட்டுக்கு ஏறிவரும்வரை தண்ணீர் விட்டுக் கலக்கி, பாயில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் மெல்லிசாகப் பரப்புகிறார்கள். வெயிலில் இரண்டு மணி நேரம், நிழலானால் ஐந்து மணி நேரம். மாவில் தங்கியிருந்த நொதி மீதி வேலையை முடித்துவிடுகிறது. காங்கோவில் கொன்சோ பாதித்த ஒரு கிராமத்துப் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் அதை அன்றாடம் செய்துவந்த காலத்தில் அங்கே புதிதாக ஒருவருக்கும் கொன்சோ வரவில்லை. கருவியும் வேண்டாம், விறகும் வேண்டாம். நனைத்த மாவை அன்றைக்கே சமைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.