நான்கு டாலர் கூலி
(மலேசியாவின் கிள்ளான் வட்டாரத்துக் காப்பாரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம். காப்பாருக்கு வந்து தங்கச் சுரங்கத்தைப் பற்றிப் பேசுகிறானே, செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, விலையைப் பற்றிப் பேசினாலாவது பிரயோஜனம் உண்டு என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள், தோட்டத்துக்கும் வருகிறேன்.

அமெரிக்காவின் நெவாடா மலைகளில் 1859இல் சிலர் தங்கம் அரித்துக்கொண்டிருந்தார்கள். நீல நிறச் சேறு ஒன்று அரிக்கும் பெட்டியில் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுத்தது. திட்டிக்கொண்டே அள்ளி வீசினார்கள். அப்புறம் சோதித்துப் பார்த்தால், அது வெள்ளித் தாது! முதலில் தோண்டியவர்கள் ஓரைலி, மெக்லாலின் என்ற இருவர். ஆனால் இடம் தன்னுடையது என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்த ஹென்றி கோம்ஸ்டாக்கின் பெயர்தான் அந்த இடத்துக்கு நிலைத்தது. சத்தம் போடுகிறவன் பெயர் நிற்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

அங்கே வெள்ளியும் தங்கமும் ஒரே பாறையில் கலந்து கிடந்தன. இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 30 கோடி டாலர் மதிப்புக்கு வெட்டி எடுத்தார்கள். அதில் பெரும்பணம் சான் பிரான்சிஸ்கோவின் வங்கிகளுக்கும் மாளிகைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. முதலாளிகளின் கதையை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல ஆள் நிறைய.

சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்ப்போம். தாது அகலமாகவும் இளகியும் கிடந்ததால் கூரை நிற்கவில்லை. 1860இல் டைடஷைமர் என்ற ஜெர்மானியப் பொறியாளர், கனமான மரக்கட்டைகளைச் சதுரச் சதுரமாகக் கோத்துத் தேனடைபோல அடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதற்காகச் சியரா நெவாடா மலைக்காடுகளை வெட்டி உள்ளே புதைத்தார்கள். ஆழம் போகப் போகச் சூடு. பாறையிலிருந்து பீறிடும் தண்ணீரில் உடம்பு வெந்துவிடும். ஐஸ் கட்டிகளைக் கீழே இறக்கி, சில நிமிடம் வெட்டுவதும் சில நிமிடம் ஓய்வதுமாக வேலை நடந்தது. அத்தனை மரமும் தீக்கு இரைதானே. 1869 ஏப்ரல் 7 அன்று யெல்லோ ஜாக்கெட் சுரங்கத்தில் பற்றிய தீயில் குறைந்தது 35 பேர் மாண்டார்கள்.

இந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கம் கட்டினார்கள். கைதேர்ந்தவனோ நேற்று வந்தவனோ, கீழே இறங்குகிறவனுக்கு நாளுக்கு 4 டாலர் என்று நிலைநாட்டினார்கள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று கங்காணியின் முகத்தைப் பார்த்த பரம்பரை நாம். அந்த 4 டாலரின் அருமை நமக்குத் தெரியும். எனக்கு இவர்கள்மேல் பெரிய மரியாதை.

ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தீ விபத்து நடந்த அதே 1869இல், சங்கத்தார் நூற்றுக்கணக்கில் அணிவகுத்துப் போனார்கள். முதலாளி வீட்டுக்கு இல்லை. பக்கத்தில் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த சீனக் கூலிகளை விரட்டத்தான் போனார்கள். விரட்டியும் விட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம்தான் அமெரிக்காவின் குறுக்கே ரயில் இணைந்திருந்தது. அதன் மேற்குப் பாதியில் மலையைக் குடைந்தவர்கள் பெரும்பாலும் சீனர்கள். அவர்கள் குறைந்த கூலிக்கு வருகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. குறைந்த கூலி கொடுத்தவன் யார் என்று கேட்க ஆளில்லை. 1882இல் சீனத் தொழிலாளர் வரவே கூடாது என்று அந்த நாடு சட்டமே போட்டது.

இப்போது நம் பக்கம் வருவோம். 1941இல் இந்தக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிமார் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குக் கூலி அதிகம், நமக்குக் குறைவு. அவர்கள் கேட்டது என்ன? சீனனுக்குக் கொடுப்பதை எங்களுக்கும் கொடு. கள்ளுக்கடையை மூடு. துரை எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லாதே. சீனனை விரட்டு என்று அந்தப் பட்டியலில் ஒரு வரி கிடையாது.

தலைவர் ஆர்.எச். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. படிப்பும் சங்க அனுபவமும் அதிகம் இல்லாத தோட்டத்து மக்கள், கோபத்தை யார்மேல் காட்டுவது என்பதில் கோம்ஸ்டாக்காரர்களைவிடத் தெளிவாக இருந்தார்கள் என்பது என் கருத்து. இன்று வங்காளதேசத்துப் பையன் ஒருவன் நம் தோட்டத்தில் குலை வெட்டுவதைப் பார்த்து, தேநீர்க் கடையில் நாம் பேசுகிற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு ஊர்களும் நினைவுக்கு வருகின்றன.

சரி, மறுப்பு உள்ளவர்கள் எழுந்து பேசலாம். பின்வரிசை ஐயாவே முதலில் கேட்கட்டும்.